யானைக்கால் நோய்க் கள ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யானைக்கால் நோய் ஆய்வுக்குப் புதிதாக வருபவர்களின் களக் குறிப்பேடுகளைப் படித்துத் திருத்தும் வேலை எனக்கு அடிக்கடி வருகிறது. எங்கள் தலைமுறை விழுந்து எழுந்த அதே பள்ளங்களில் அவர்களும் விழுவதைத் தொடர்ந்து பார்த்த பிறகே இதை எழுதத் தோன்றியது. ஸ்லைடில் எண் எழுத மறப்பது, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து விடுபடுவது போன்றவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றை மேற்பார்வையாளர் முதல் வாரத்திலேயே பிடித்துவிடுவார். யார் கண்ணிலும் படாமல் இறுதி அறிக்கை வரை போய்ச் சேரும் தவறுகளே கவலைக்குரியவை.

வீங்கிய காலில் புழுவைத் தேடுவது

ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் படுபவர் கால் வீங்கியவர் என்பதால், முதலில் அவரிடமே ரத்தம் எடுக்கிறார்கள். ஆனால் வீக்கம் முற்றியவர்களில் பெரும்பாலோரின் ரத்தத்தில் மைக்ரோஃபைலேரியா எனப்படும் புழுக்குஞ்சுகள் இருப்பதில்லை. கொசுவுக்கு அதைக் கொடுப்பவர், எந்த அறிகுறியும் இல்லாமல் நல்ல உடல்நிலையோடு வேலைக்குப் போய்வருபவராகவே பெரும்பாலும் இருப்பார். அவருடைய நிணநீர்க் குழாய்களில் வளர்ந்த புழுக்கள் சுமார் 6 முதல் 8 ஆண்டுகள் வாழ்ந்து லட்சக்கணக்கில் குஞ்சுகளை ஈனுகின்றன. எனவே வீங்கிய கால்களின் எண்ணிக்கை, பல ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஊரில் நோய் எவ்வளவு பரவியது என்பதைச் சொல்லுமே தவிர, இன்றைய பரவலைச் சொல்லாது. மருந்துத் திட்டம் வென்றதா தோற்றதா என்பதை அந்த எண்ணிக்கையைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது.

இரவு ரத்தம்

யானைக்கால் நோயை உண்டாக்கும் முக்கியப் புழுவான உச்சரேரியா பான்கிராஃப்டி பரவும் பெரும்பாலான இடங்களில், மைக்ரோஃபைலேரியா ரத்தத்தில் அதிகம் தென்படும் இரவு 10 மணி முதல் 2 மணி வரை ரத்தம் எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சீக்கிரம் திரும்பும் அவசரத்தில் 8 மணிக்கே தொடங்கிவிடுகிறார்கள். பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு நோயைப் பரப்பும் பசிபிக் தீவுகளுக்கு இந்த நேரக் கணக்கு பொருந்தாது. முதல் ஸ்லைடும் கடைசி ஸ்லைடும் எடுக்கப்பட்ட நேரங்கள் இல்லாத அறிக்கையை நான் ஏற்பதில்லை.

கொடுத்த மாத்திரையை விழுங்கிய மாத்திரையாக எழுதுவது

இந்த ஒரு தவறு இன்றும் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்தின் முதுகெலும்பு, நோய் பரவும் பகுதியில் தகுதியுள்ள அனைவருக்கும் ஆண்டுதோறும் மருந்து கொடுப்பதாகும். டி.இ.சி. (டைஎத்தில்கார்பமசின்), அல்பெண்டசோல் என்ற இரு மருந்து முறையில், மொத்த மக்கள்தொகையில் குறைந்தது 65 சதவீதம் பேர் மருந்தை உட்கொண்ட சுற்றுகள் குறைந்தது ஐந்து நடந்திருக்க வேண்டும். இதில் ‘உட்கொண்ட’ என்பதும் ‘மொத்த மக்கள்தொகை’ என்பதும் களத்தில் சத்தமில்லாமல் மாறிவிடுகின்றன. முதலாவது ‘வாங்கிக்கொண்ட’ என்றும், இரண்டாவது ‘தகுதியுள்ளவர்கள்’ என்றும் ஆகி, சதவீதம் தானாக ஏறிவிடுகிறது.

இது எப்படி நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வயதை வைத்து அளவிடும் இடங்களில் பெரியவர் ஒருவருக்கு 100 மில்லிகிராம் டி.இ.சி. மாத்திரை மூன்றும் அல்பெண்டசோல் ஒன்றும் தரப்படும். பகலில் வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணிடம் ஆறு பேருக்கான மாத்திரைகளைக் கொடுத்து, ஆறு பெயர்களுக்கு எதிரிலும் குறி போட்டுவிட்டுப் பணியாளர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். மாலையில் திரும்பும் ஆண்கள், உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோது மாத்திரை எதற்கு என்று கேட்டு ஒதுக்கிவைத்துவிடுகிறார்கள்.

நான் மேற்பார்வைக்குச் சென்ற ஓர் ஊரின் பதிவேடு, ஏறக்குறைய எல்லோரும் மருந்து சாப்பிட்டதாகக் காட்டியது. பக்கங்களைப் புரட்டினால், குறிகள் மேலிருந்து கீழ்வரை ஒரே பேனாவில், ஒரே சாய்வில், நடுவில் ஒரு விடுபடல்கூட இல்லாமல் இறங்கின. இரண்டு வயது நிரம்பாததால் மருந்தே தரக் கூடாத கைக்குழந்தையின் பெயருக்கு எதிரிலும் குறி இருந்தது. அந்த வீட்டில் விசாரித்தபோது, குழந்தையின் பாட்டி உள்ளே சென்று இரண்டு காகிதப் பொட்டலங்களை எடுத்துவந்து என் கையில் வைத்தார். ஒன்று அந்த ஆண்டு மருந்து, மற்றொன்று முந்தைய ஆண்டு மருந்து. இரண்டும் பிரிக்கப்படவே இல்லை.

என்னுடன் வந்திருந்த இளம் ஆய்வாளர் அந்தப் பதிவேட்டை நம்பி ஒரு கட்டுரையே எழுதிவைத்திருந்தார். இத்தனை பேர் மருந்து சாப்பிட்டும் இரவு ரத்தத்தில் மைக்ரோஃபைலேரியா குறையாததால், புழுக்களுக்கு மருந்து எதிர்ப்பு வந்திருக்கலாம் என்பது அவர் முடிவு. விழுங்காத மருந்தை எந்தப் புழுவும் எதிர்க்க வேண்டியதில்லை. அந்தக் கட்டுரை வெளிவந்திருந்தால், திட்டத்தின் கவனமும் பணமும் இல்லாத பிரச்சினையைத் தேடிப் போயிருக்கும். மருந்தே உட்கொள்ளாத மனிதர்கள் அடுத்த சுற்றிலும் அப்படியே விடப்பட்டிருப்பார்கள். 2017-இல் பரிந்துரைக்கப்பட்ட, ஐவர்மெக்டினும் சேர்ந்த மும்மருந்து முறை மைக்ரோஃபைலேரியாவை இன்னும் நன்றாக அகற்றுகிறது. அதுவும் வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும். சீனா கையாண்ட உத்திகளில் ஒன்று டி.இ.சி. கலந்த உப்பு. அந்த நாடு 2007-இல் இந்நோயை ஒழித்ததாக அறிவிக்கப்பட்டதை நினைக்கும்போதெல்லாம், உப்பை யாரும் ஒதுக்கிவைக்க மாட்டார்கள் என்பதும் எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஆகவே சதவீதம் எவ்வளவு என்பதைவிட, எல்லாச் சுற்றுகளிலும் ஒருமுறைகூட மருந்து உட்கொள்ளாதவர் யார் என்பதைக் கேளுங்கள். ஆண்டுதோறும் அதே 65 சதவீதம் பேர் சாப்பிட்டு, அதே 35 சதவீதம் பேர் விடுபட்டால், புழு தங்குவதற்கு அந்த மிச்சமே போதும். சுற்று முடிந்த சில வாரங்களுக்குள், மருந்து வழங்காத வேறொரு குழு வீடு வீடாகச் சென்று, மாத்திரைகளைக் கையில் காட்டி, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வீட்டில் ஒருவர் மற்றவர்களுக்காகப் பதில் சொன்னால், அதைத் தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். மருந்து வழங்கும்போது எதிரிலேயே விழுங்கச் செய்ய வேண்டும். ஆண்கள் வீடு திரும்பும் நேரத்தில் மீண்டும் செல்ல வேண்டும். தொற்றுள்ளவர்களுக்கு மைக்ரோஃபைலேரியா மடியும்போது காய்ச்சல், தலைவலி, தலைசுற்றல் வரலாம் என்பதையும், அது ஓரிரு நாளில் தணிந்துவிடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். முன்பே சொல்லாமல் விட்ட ஒரு காய்ச்சல், அடுத்த ஆண்டு ஒரு தெருவையே கதவைச் சாத்த வைக்கும்.

பத்து நிமிடம்

ரத்தத்தில் புழுவின் ஆன்டிஜென் (புழு வெளியிடும் பொருள்) இருக்கிறதா என்று காட்டும் பரிசோதனைப் பட்டையில் 75 மைக்ரோலிட்டர் ரத்தம் விட்டு, சரியாகப் பத்தாவது நிமிடத்தில் பார்க்க வேண்டும். பல பட்டைகளை வரிசையாக அடுக்கிவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. தாமதித்தால் தொற்றில்லாதவரின் பட்டையிலும் மங்கலான கோடு தோன்றக்கூடும். சுமார் 1,700 குழந்தைகளைச் சோதித்து, 20 பேருக்கு மேல் தொற்று இருந்தால் பகுதியே தேறவில்லை என்று முடிவு செய்யும் பரவல் மதிப்பீட்டு ஆய்வில் (மருந்துச் சுற்றுகளை நிறுத்தலாமா என்று பார்க்கும் ஆய்வு), இப்படி வரும் நான்கைந்து பொய்க் கோடுகள் மாவட்டம் முழுவதும் மீண்டும் மருந்து கொடுக்கக் காரணமாகிவிடும். ஒவ்வொரு பட்டையின் மேலும் தொடங்கிய நேரத்தைப் பென்சிலால் எழுதுங்கள்.

கொசுவின் டி.என்.ஏ.

கொசுவில் புழுவின் டி.என்.ஏ. இருந்தால், அது தொற்றுள்ள ஒருவரைக் கடித்திருக்கிறது என்று பொருள். நோயைப் பரப்பும் நிலையில் இருக்கிறது என்று பொருளல்ல.

படம் எடுத்துக்கொண்டு திரும்புவது

காலைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, விரலிடுக்குகளை உலர்த்தி, புண்ணுக்கு மருந்திடக் கற்றுக்கொடுக்க நேரமில்லாவிட்டால், வீங்கிய காலைப் படம் எடுக்காதீர்கள்.

சிறுவர்கள் தேறியதும் ஊரை மறப்பது

பரவல் மதிப்பீட்டு ஆய்வு 6, 7 வயதுப் பிள்ளைகளைச் சோதிப்பதற்குக் காரணம், அவர்கள் மருந்துச் சுற்றுகள் நடந்த ஆண்டுகளில் வளர்ந்தவர்கள் என்பதே. அவர்களிடம் தொற்று இருந்தால் அது அண்மையில் வந்தது. பெரியவர்களிடம் மிச்சமிருக்கும் தொற்றைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்வதில்லை. தேறிய பிறகும் 2 முதல் 3 ஆண்டு இடைவெளியில் அதே ஆய்வை மேலும் இருமுறை நடத்த வேண்டும். அந்த இடைவெளியில், ஒருமுறையும் மருந்து உட்கொள்ளாதவர்கள் என்று முன்பு குறித்துவைத்த பெரியவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, இரவு 10 மணிக்குப் பிறகு அவர்களுடைய ரத்தத்தைப் பார்க்கும்படி என் குழுவினரிடம் சொல்லி வருகிறேன்.