டிஎஸ்ஓவில் ரிப்போர்ட் ஓட்ட ஒரே எக்ஸெக் போதும்

டிஎஸ்ஓ என்பது ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் நேரடியாகக் கட்டளை கொடுத்து வேலை செய்யும் வசதி. அதில் ஜெனரேட் ஆன ரிப்போர்ட் புரோகிராமுக்கு வேண்டிய அலொகேட் கட்டளைகளை (ஃபைல்களைப் புரோகிராமோடு இணைப்பவை) எல்லாம் ஒரே ரெக்ஸ் எக்ஸெக்கில் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஸ்கிரிப்ட்) போட்டு, ஒவ்வொன்றின் கடைசியிலும் ரீயூஸ் சேர்த்துவிடுங்கள். லாகாஃப் செய்தால் அலொகேஷன் போய்விடும். மறுநாள் எக்ஸெக்கை ஓட்டினால் செஷன் தயார். அதே டிடி பெயர் (புரோகிராம் ஃபைலைக் கூப்பிடும் பெயர்) முன்பே வேறு ஃபைலைப் பிடித்திருந்தாலும், ரீயூஸ் அதை விடுவித்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளும்.

சோதிக்கும்போது ரிப்போர்ட் டிடிக்கு மட்டும் டிஏ(*) கொடுங்கள், வரிகள் நேராகத் திரைக்கே வரும். 133 எழுத்து வரி 80 எழுத்துத் திரையில் மடிந்துதான் தெரியும். தலைப்பும் கூட்டுத்தொகையும் சரிபார்க்க அது போதும். ஷிஃப்ட் முடிந்து ஒயிட்ஃபீல்டில் கேப் பிடிக்க ஓடும் பெங்களூரு நண்பர்களுக்கு இது நிஜமாகவே நேர மிச்சம்.

ஐஎஸ்பிஎஃப் (டிஎஸ்ஓவின் மெனுத் திரைகள்) திறந்து வைத்திருக்கும் அதன் சொந்த லைப்ரரிகளுக்கு இந்த ரீயூஸ் முறை செல்லாது, அங்கே லிப்டெஃப் கட்டளைதான். பெரிய மாதாந்திர ரிப்போர்ட் என்றால் செஷன் மாட்டிக்கொள்ளும், பின்னணியில் ஓடும் பேட்ச் ஜாப்பாகவே கொடுத்துவிடுங்கள்.