முளை வெளிச்சத்தை எங்கே உணர்கிறது? கோதுமையில் ஒரு வீட்டுச் சோதனை

ஜன்னலோரச் செடி வெளிச்சத்தின் பக்கம் சாய்வதைப் பாடப்புத்தகம் ஒளிச்சார்பசைவு என்கிறது. ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது செடியின் எந்தப் பகுதி? சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் புல் முளைகளில் செய்து 1880-இல் வெளியிட்ட சோதனையை நாமும் செய்துபார்க்கலாம்.

ஒரு கைப்பிடி முழுக் கோதுமையை இரவு ஊறவையுங்கள். பாசிப்பயறு வேண்டாம். அதன் முளை இயல்பாகவே வளைந்து வரும் என்பதால் குழப்பம்தான் மிஞ்சும். மறுநாள் நான்கு பேப்பர் கப்புகளில் ஈரமண் நிரப்பி, கப்புக்கு ஆறேழு விதைகளை ஊன்றி, அலமாரி இருட்டில் வையுங்கள். சில நாட்களில் வெளிறிய முளைகள் எட்டிப்பார்க்கும். முளைப்பாரி வளர்த்தவர்களுக்கு இந்த வெளிர்மஞ்சள் பழக்கமானதுதான். அதையும் இருட்டில்தானே வளர்க்கிறோம்!

இரண்டு சென்டிமீட்டர் உயரம் வந்ததும் தாமதிக்காதீர்கள். அப்போது வெளியே தெரிவது முளைக்குருத்து உறை. உள்ளே இருக்கும் இலை அதைத் துளைத்து வந்துவிட்டால் சோதனை சரிவராது. கோணலான முளைகளைப் பிடுங்கிவிடுங்கள்.

அப்புறம் தொப்பி. அலுமினியத் தாளில் சிறு துண்டை வெட்டி, பல்குத்தும் குச்சியில் சுற்றி, மேல்முனையை மடித்து உருவுங்கள். அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம் போதும்.

முதல் கப் அப்படியே இருக்கட்டும். இரண்டாவதில் முளை நுனிகளுக்கு அலுமினியத் தொப்பி. மூன்றாவதில் அதே அளவில், ஒளி புகும் பிளாஸ்டிக் தாளில் செய்த தொப்பி. நான்காவதில் நுனியைத் திறந்து விட்டு, அடிப்பகுதியை மட்டும் அலுமினியத் தாளால் தளர்வாகச் சுற்றுங்கள். மூன்றாவது கப் எதற்கு என்று தோன்றும். அது இல்லாவிட்டால், தொப்பியின் பாரத்தால்தான் முளை வளையவில்லை என்று யாராவது சொன்னால் உங்களிடம் பதில் இருக்காது. என்னைக் கேட்டால் சோதனையின் உயிரே அதுதான்.

செருப்புப் பெட்டியின் நீளவாட்டுப் பக்கத்தில், முளை உயரத்துக்கு ஒரு நீண்ட கீறல் வெட்டி, கப்புகளை உள்ளே வரிசையாக வைத்து மூடுங்கள். வெளியே ஓர் அடி தள்ளி எல்இடி பல்பு. நேர் வெயில் வேண்டாம், பெட்டி சூடாகிவிடும். ஐந்தாறு மணி நேரம் கழித்துத் திறந்துபாருங்கள்.

முதல், மூன்றாம், நான்காம் கப் முளைகள் வெளிச்சத்தின் பக்கம் வளைந்திருக்கும். அலுமினியத் தொப்பி போட்டவை மட்டும் நேராக நிற்கும். ஆக, உணர்வது நுனி. வளைவதோ அதற்குக் கீழே உள்ள பகுதி. நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் நிழல் பக்கத்தில் கூடுதலாகச் சேர்கிறது. அந்தப் பக்கத்துச் செல்கள் அதிகம் நீளுவதால் முளை எதிர்ப்பக்கம் சாய்கிறது. நெதர்லாந்துத் தாவரவியலாளர் ஃபிரிட்ஸ் வென்ட் 1920-களில் ஓட்ஸ் முளை நுனிகளை ஜெல்லி போன்ற அகர் துண்டின்மேல் வைத்து இந்தப் பொருளைச் சேகரித்தார். நுனி வெட்டிய முளையின் ஒரு ஓரத்தில் அந்தத் துண்டை வைத்தபோது, இருட்டிலேயே முளை வளைந்தது.

அலுமினியத் தொப்பி போட்டவையும் சாய்ந்திருந்தால் தொப்பி குட்டையாக இருக்கும், இல்லையென்றால் ஓரத்தில் இடைவெளி இருக்கும். புது முளையில் மறுபடி செய்யுங்கள். சரியாக வந்துவிட்டால், அடுத்த முறை கீறலில் நீலக் கண்ணாடித் தாளும், இன்னொரு பெட்டியில் சிவப்பும் ஒட்டிப்பாருங்கள். முளையை வளைப்பது பெரும்பாலும் நீல ஒளிதான்.