கிரேக்கப் போர்வீரர் படங்களில் வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு? நீங்களே பிரித்துப் பார்க்கும் முறை

பண்டைக் கிரேக்கப் போர்ப் படம் ஒன்றைப் பார்த்து முடித்ததும் "இதெல்லாம் நிஜமா நடந்ததா?" என்று தேடாதவர்கள் குறைவு. தேடினால் கிடைப்பது பெரும்பாலும் பிழைப் பட்டியல்தான். அந்தப் பட்டியல் உங்களுக்குப் பெரிதாக எதையும் கற்றுத்தராது. ஒவ்வொரு மாற்றமும் யாரைப் பற்றி என்ன நம்பவைக்கிறது என்று பார்க்கப் பழகினால், அடுத்த படத்தை நீங்களே எடைபோடலாம். இங்கே பயிற்சிக்கு எடுத்துக்கொள்வது ஜாக் ஸ்னைடர் இயக்கிய '300'. கி.மு. 480-இல் தெர்மாப்பிலே கணவாயில், ஸ்பார்ட்டா மன்னன் லியோனிடாஸ் தலைமையில் கிரேக்கர் பாரசீக மன்னன் செர்க்ஸஸின் படையை எதிர்த்த போர்தான் கதை.

தேவையானவை: ஒரு நோட்டு, படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் வசதி, கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிய 'வரலாறுகள்' நூலின் ஏதாவது ஒரு மொழிபெயர்ப்பு. முழு நூலும் வேண்டாம். ஏழாம் புத்தகத்தில் 61 முதல் 80 வரை (பாரசீகப் படையின் உடையும் ஆயுதமும்), 133 முதல் 136 வரை (தூதர்கள்), 201 முதல் 233 வரை (போர்), ஒன்பதாம் புத்தகத்தில் 71 இருந்தால் போதும்.

படி 1: காலத்தை முதலில் பூட்டுங்கள்

'பண்டைக் கிரேக்கம்' என்று ஒரே பெட்டியில் போட்டால் எல்லாம் குழம்பும். டிராய் கதை வெண்கலக் காலத்தைச் சேர்ந்தது, ஏறக்குறைய கி.மு. 1200. தெர்மாப்பிலே அதற்கு 700 ஆண்டு பிந்தியது. அலெக்சாந்தர் அதற்கும் 150 ஆண்டு பிந்தியவர். காட்டுப்பன்றித் தந்தத்தை வரிசையாகத் தைத்த தலைக்கவசம் டிராய் படத்தில் இருந்தால் சரி, தெர்மாப்பிலேயில் இருந்தால் தவறு. ஐந்தாறு மீட்டர் நீள ஈட்டி அலெக்சாந்தரின் மாசிடோனியருடையது. லியோனிடாஸின் ஆட்கள் கையில் அது இருக்கக்கூடாது. நாணயம் கி.மு. ஏழாம் நூற்றாண்டில்தான், இன்றைய துருக்கியில் இருந்த லிடியாவில் தொடங்குகிறது. ஆகவே, டிராய் போரில் இறந்தவர் கண்மேல் நாணயம் வைத்தால் அது காலப்பிழை. குதிரைச் சேணத்தில் கால்வளையம் தெரிந்தால் எந்தக் கிரேக்கப் படமானாலும் தவறுதான்.

படி 2: படம் சொல்லும் செய்திகளைக் குறியுங்கள்

முதல் தடவை ரசித்துப் பாருங்கள், நோட்டைத் தொடாதீர்கள். இரண்டாம் தடவை நிமிடத்தோடு குறியுங்கள். '300' போன்ற படத்துக்கு 15 செய்திகள் போதும். நூறு எழுதினால் பத்தாவதிலேயே சலித்துவிடும். "போர்க்காட்சி பிரமாதம்" என்று எழுதினால் பயனில்லை. "ஸ்பார்ட்டா மன்னன் பாரசீகத் தூதனைக் கிணற்றில் உதைத்துத் தள்ளுகிறான்" என்று, சரியா தவறா எனச் சோதிக்கக்கூடிய ஒரு வாக்கியமாக எழுதுங்கள்.

படி 3: மூலத்தைத் தேடி, அதன் வயதையும் எழுதுங்கள்

போர் நடந்தபோது ஹெரோடோட்டஸ் சிறுபிள்ளை. அவர் எழுதியது ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து. இன்னொரு வரலாற்றாசிரியர் டயோடோரஸ் கி.மு. முதல் நூற்றாண்டு. வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூட்டார்க் போருக்கு ஐந்நூறு ஆண்டுக்கும் மேல் பிந்தியவர். "ஆயுதங்களைக் கொடு" என்ற கேட்புக்கு "வந்து எடுத்துக்கொள்" என்ற புகழ்பெற்ற பதில் புளூட்டார்க்கிடம்தான் இருக்கிறது, ஹெரோடோட்டஸிடம் இல்லை. அம்புகள் சூரியனை மறைத்தால் நிழலில் சண்டையிடுவோம் என்ற வசனம் ஹெரோடோட்டஸிலேயே உண்டு. சொன்னவர் தியனெகஸ் என்ற ஸ்பார்ட்டர்.

கிணற்றுக் காட்சியை இப்போது எடுங்கள். தூதரைக் கிணற்றில் தள்ளியது கற்பனை இல்லை. ஆனால் அவர்கள் செர்க்ஸஸின் தூதர்கள் அல்லர், அவன் தந்தை டேரியஸ் அனுப்பியவர்கள். அடிபணிவின் அடையாளமாக நிலமும் நீரும் கேட்டு வந்தவர்களை, அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஸ்பார்ட்டர் கிணற்றில் தள்ளினார்கள். தெர்மாப்பிலேவுக்குச் சுமார் பத்து ஆண்டு முன்பு நடந்தது இது. அதனாலேயே செர்க்ஸஸ் பின்னாளில் ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் தூதரை அனுப்பவே இல்லை. படம் சொல்லாத பகுதி இன்னும் கனமானது. தூதரைக் கொன்றது பாவம் என்று ஸ்பார்ட்டரே உறுத்தலுற்று, அதற்கு ஈடாக உயிரைக் கொடுக்க ஸ்பெர்த்தியாஸ், பூலிஸ் என்ற இருவரைச் செர்க்ஸஸிடம் அனுப்பினார்கள். உங்களைப் போல நானும் தூதரைக் கொல்ல மாட்டேன் என்று அவன் திருப்பி அனுப்பிவிட்டான். படத்தில் இருப்பது வீரம் மட்டும். மூலத்தில் அதன் பின்னாலேயே குற்றவுணர்வும் எதிரியின் கண்ணியமும் வருகின்றன.

படி 4: ஆயுதத்தைக் கையில் பிடித்துப் பாருங்கள்

இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. கிரேக்கக் காலாள் வீரனின் கேடயம் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம், ஆறிலிருந்து எட்டு கிலோ எடை. மரத்தால் ஆனது, மேலே வெண்கலத் தகடோ விளிம்போ இருக்கும். பிடி இரண்டு. நடுவில் உள்ள பட்டைக்குள் முழங்கை வரை கையை நுழைத்து, ஓரத்துக் கயிற்றை விரலால் பற்ற வேண்டும். ஒரு பெரிய தாம்பாளத்தை இப்படி இடக்கையில் மாட்டிப் பாருங்கள்: பாதிக் கேடயம் உங்கள் இடப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். வலப்பக்கத்துக்காரரின் கேடயத்தை ஒட்டி நிற்கத்தான் உடம்பு தானாக நகரும். படைகள் வலப்புறமாகச் சாய்ந்து நகர்வதற்கு இதையே காரணமாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் சொல்கிறார். ஆக, படத்தின் முதல் மோதலில் வீரர்கள் நெருங்கி நின்று தள்ளுவது மூலத்தின் மனநிலைக்கு அருகில் வருகிறது. அடுத்த நிமிடமே வரிசையை விட்டுப் பாய்ந்து சுழன்று வெட்டுவது முழுக்கத் திரைக்கானது.

வெற்று மார்பு? நிஜ ஸ்பார்ட்டர் வெண்கலத்திலோ தடித்த துணியிலோ மார்புக்கவசம் அணிந்திருப்பார்கள். சிவப்பு ஆடைக்குக் கிரேக்க எழுத்தாளர் செனொஃபோன் சாட்சி. கேடயத்தில் லாம்டா எழுத்து (ஸ்பார்ட்டா நாட்டின் பெயரான லாசிடெமனின் முதல் கிரேக்க எழுத்து) இருந்ததற்கான சான்று கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தொடங்குகிறது.

இந்தப் படியில் தொடக்கக்காரர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. கிரேக்கப் பானை ஓவியங்களைப் பார்த்து, "அதிலும் வீரர்கள் நிர்வாணமாகத்தானே இருக்கிறார்கள்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். வீரனை உடையின்றி வரைவது கிரேக்க ஓவியரின் மரபு. அழகுக்காக எடுத்துக்கொண்ட உரிமை. ஆயுதத்தின் வடிவத்துக்குப் பானையை நம்பலாம், உடம்பில் என்ன போட்டிருந்தார்கள் என்பதற்கு நம்ப முடியாது.

பாரசீகர் பக்கம் இன்னும் எளிது. ஹெரோடோட்டஸ் வரிசையாகச் சொல்கிறார்: மெத்தென்ற தொப்பி, கைநீள வண்ணச் சட்டை, மீன்செதில் போன்ற இரும்புக் கவசம், கால்சட்டை, பிரம்புக் கேடயம், குட்டை ஈட்டி, பெரிய வில். முகமூடி கிடையாது. பத்தாயிரம் பேர் கொண்ட 'அழியாதவர்' படைக்கு அந்தப் பெயர் வந்ததும், ஒருவர் விழுந்தால் உடனே இன்னொருவரைச் சேர்த்து எண்ணிக்கையைக் காத்ததால்தான். போரில் யானையும் இல்லை, காண்டாமிருகமும் இல்லை. ஒட்டகம் இருந்தது. அந்தப் படையில் 'மரத்திலிருந்து செய்த உடை' அணிந்து, நாணல் வில்லோடு இந்தியரும் நின்றார்கள் என்கிறார்; பருத்தியைத்தான் அப்படிச் சொல்கிறார்.

படி 5: எண்களைக் கூட்டிப் பாருங்கள்

செர்க்ஸஸின் போர்வீரர் 26 லட்சத்துக்கும் மேல் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். இதை அப்படியே எடுத்தால் நீங்களும் படத்தைப் போலவே ஏமாறுவீர்கள். அத்தனை பேருக்குச் சோறும் தண்ணீரும் கொண்டுபோக வழியில்லை. இன்றைய ஆய்வாளர்கள் சில லட்சத்துக்குள் நிறுத்துகிறார்கள். மறுபக்கம் 300 பேர் மட்டும் நிற்கவில்லை. ஹெரோடோட்டஸ் ஊர்வாரியாகத் தருகிறார்: தெஜியா 500, மான்டினியா 500, கொரிந்து 400, ஃபோகிஸ் 1,000 என்று கூட்டினால் ஐயாயிரத்தைத் தாண்டும். கடைசி நாளில் ஸ்பார்ட்டரோடு தெஸ்பியாவின் 700 பேரும் விரும்பி நின்று செத்தார்கள். ஒரு சிற்றூர் தன்னிடம் இருந்த படையை மொத்தமாகக் கொடுத்தது. படத்தில் அவர்கள் பெயர்கூட இல்லை.

படி 6: மாற்றத்துக்கு வகை கொடுங்கள்

ஒவ்வொரு வரியின் எதிரிலும் ஒரு எழுத்து: ந (நகர்த்தியது), சு (சுருக்கியது), நீ (நீக்கியது), சே (சேர்த்தது), தி (திரித்தது). கிணறு 'ந'. லியோனிடாஸ் ஆர்காடியரிடம் (வேறொரு கிரேக்கப் பகுதியினர்) "உன் தொழில் என்ன?" என்று கேட்கும் காட்சியும் 'ந', புளூட்டார்க் அதை நூறு ஆண்டு பிந்திய ஸ்பார்ட்டா மன்னன் அகெசிலாஸ் செய்ததாகச் சொல்கிறார். காண்டாமிருகம் 'சே'. தெஸ்பியர் 'நீ'. ஆண்டுதோறும் குடிமக்கள் தேர்ந்தெடுத்த ஐந்து எபோர் அதிகாரிகளை அழுகிய பூசாரிகளாக்கியது 'தி'.

இனி ஒவ்வொன்றிலும் கேளுங்கள்: இதை மட்டும் சரிசெய்தால் கதையின் பொருள் மாறுமா? வெற்று மார்பில் கவசத்தைப் பூட்டினால் எதுவும் மாறாது. '300' ஒரு வரைகதையின் திரைவடிவம், அதிலும் ஒரு ஸ்பார்ட்டர் சக வீரர்களுக்குச் சொல்லும் கதை. அந்த அளவுக்கு மிகை தாராளமாகச் செல்லும். ஆனால் ஹெலட்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். ஸ்பார்ட்டாவின் வயலை உழுதவர்கள் இந்த அடிமைகள். அடுத்த ஆண்டு பிளாட்டியா போரில் ஒரு ஸ்பார்ட்டருக்கு ஏழு ஹெலட் வீதம் வந்தார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ். அவர்கள் ஒரே ஒரு காட்சியில் தெரிந்தாலும் "சுதந்திர மனிதர்கள் கொடுங்கோலனை எதிர்த்தார்கள்" என்ற வசனம் நிற்காது. நோட்டில் சிவப்பு மையில் குறிக்க வேண்டியது இத்தகைய நீக்கங்களைத்தான்.

கடைசியாக ஒரு வரியை நீங்களே முயன்று பாருங்கள். படத்தில் கதைசொல்லி ஒரு கண்ணை இழந்து, மன்னன் சொல்லி ஊர் திரும்பி, பிளாட்டியாவில் படைக்கு முன்னால் நிற்கிறான். இதை ஹெரோடோட்டஸ் ஏழாம் புத்தகம் 229 முதல் 231 வரை, பிறகு ஒன்பதாம் புத்தகம் 71 ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். கண்நோயால் விலக்கப்பட்ட இருவரில் யூரிட்டஸ், ஹெலட் ஒருவன் கைபிடித்து நடத்த, போருக்குள் போய்ச் செத்தான். அரிஸ்டோடெமஸ் ஊர் திரும்பினான். அவனுக்கு யாரும் அடுப்பு நெருப்புகூடத் தரவில்லை, 'நடுங்கியவன்' என்று பெயர் வைத்தார்கள். பிளாட்டியாவில் எல்லாரையும்விட மூர்க்கமாகப் போரிட்டு மாண்டும், சாக விரும்பிச் செத்தவன் என்று அவனுக்கு மரியாதை மறுத்தார்கள். இதற்கு எந்த எழுத்தைப் போடுவீர்கள்?