உலகக் கோப்பைக்கு ரக்பி அணி எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 அக்டோபர் 28. பாரிஸை ஒட்டிய ஸ்டாட் டி ஃபிரான்ஸ் மைதானத்தில் தென்னாப்பிரிக்காவும் நியூசிலாந்தும் உலகக் கோப்பை இறுதிப்போட்டி ஆடின. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே தென்னாப்பிரிக்காவின் ஹூக்கர் (முன்வரிசையின் நடுவில் நின்று, ஓரக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிபவர்) போங்கி எம்போனாம்பி முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அன்று அந்த அணியில் இருந்த ஒரே முழுநேர ஹூக்கர் அவர்தான். மீதி ஆட்டம் முழுக்க அந்த இடத்தில் நின்றவர் டியோன் ஃபூரி. அப்போது அவருக்கு வயது 37. பல வருடங்களாக ஃப்ளாங்கராக (பின்வரிசையின் ஓரத்தில் நிற்பவர்) ஆடி வந்தவர். லைன்அவுட்டில், அதாவது ஓரக்கோட்டிலிருந்து எறியும் பந்துக்கு இரு அணியும் போட்டியிடும் இடத்தில், பந்து பலமுறை கைநழுவிப் போனது. அப்படியும் தென்னாப்பிரிக்கா 12-11 என்று கோப்பையைத் தூக்கியது.

அணித் தேர்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஆட்டத்திலிருந்து தப்பான பாடத்தைத்தான் அதிகம் எடுக்கிறார்கள். "ஒரு ஹூக்கரே போதும், பார்த்தீர்களா?" என்கிறார்கள். நடந்தது வேறு. தொடரின் நடுவில், பயிற்சியின்போது இன்னொரு ஹூக்கரான மால்கம் மார்க்ஸுக்கு முழங்கால் போனது. அவருக்குப் பதில் ஹூக்கரை அழைக்காமல், காயத்திலிருந்து தேறி வந்த ஃப்ளை-ஹாஃப் (ஆட்டத்தை நடத்தும், பெரும்பாலும் கோலுக்கு உதைக்கும் பத்தாம் எண்) ஹான்ட்ரே பொல்லார்டை அழைத்தார்கள். முதல் பட்டியலில் ஸ்க்ரம்-ஹாஃப் (ஃபார்வேர்டுகளிடமிருந்து பந்தை எடுத்துப் பின்னாலிருப்பவர்களுக்குக் கொடுப்பவர்) நான்கு பேர், முழுநேர ஃப்ளை-ஹாஃப் மானி லிபொக் ஒருவர் மட்டுமே. அயர்லாந்திடம் 13-8 என்று தோற்ற ஆட்டத்தில் உதைகள் தொடர்ந்து தவறின. அதற்குப் பிறகு பொல்லார்டின் தேவை யாருக்கும் விளக்க வேண்டியதாக இருக்கவில்லை. அரையிறுதியில் இங்கிலாந்தை 16-15 என்று தாண்ட வைத்தது ஆட்டம் முடியும் நேரத்தில் அவர் உதைத்த பெனால்டி. இறுதிப்போட்டியின் 12 புள்ளிகளும் அவர் காலிலிருந்துதான் வந்தன.

அதாவது, அவர்கள் ஓட்டையை மறந்து விட்டுவிடவில்லை. ஹூக்கர் இடத்தில் ஒரு ஆபத்தைத் தெரிந்தே ஏற்று, ஃபூரி முன்பு ஹூக்கராக ஆடியவர் என்ற கணக்கை வைத்துக்கொண்டு, உதைக்கும் இடத்தை அடைத்தார்கள். என் பார்வையில் பிசகு இருந்தது முதல் பட்டியலில்தான். நான்காவது ஸ்க்ரம்-ஹாஃபுக்குக் கொடுத்த இடம் இன்னொரு பத்தாம் எண்ணுக்குப் போயிருக்க வேண்டும்.

முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது. நாட்டிலேயே சிறந்த 33 பேரை வரிசையாக எழுதினால் அணி வந்துவிடும் என்று நினைப்பது. 2023-ல் ஒவ்வொரு நாடும் 33 பேரை அழைத்துப் போகலாம், 2019-ல் 31தான். வழக்கமான பிரிப்பு இப்படி இருக்கும்: ப்ராப் (முன்வரிசையின் இரு ஓரங்களில் நிற்பவர்) ஆறு பேர், ஹூக்கர் மூவர், லாக் (இரண்டாம் வரிசை) நால்வர், பின்வரிசை ஃபார்வேர்டுகள் ஆறு பேர், ஸ்க்ரம்-ஹாஃப் மூவர், ஃப்ளை-ஹாஃப் இருவர், சென்டர் (பின்களத்தின் நடுவில் ஆடுபவர்) நால்வர், ஓரத்தில் ஓடும் விங்கும் கடைசித் தற்காப்பாளரான ஃபுல்பேக்கும் சேர்த்து ஐவர். கூட்டிப் பார்த்தால் 33. எங்காவது ஒருவரைக் கூட்டினால் வேறு இடத்தில் ஒருவர் குறைவார். ஒவ்வொரு பெயருக்கும் நேராக "இவர் விழுந்தால் யார்? அவரும் விழுந்தால்?" என்று எழுதிப் பார்க்காத பட்டியல் பாதி வேலைதான்.

முன்வரிசையில் இந்தக் கேள்வி இன்னும் கடுமையானது. ஸ்க்ரம்மில், அதாவது இரு அணிகளின் எட்டு எட்டுப் பேர் கோத்துக்கொண்டு தள்ளும் இடத்தில், இரு ப்ராப்களும் நடுவில் ஹூக்கரும் எதிரணி எட்டுப் பேரின் தள்ளலைக் கழுத்திலும் தோளிலும் தாங்குகிறார்கள். பழக்கமில்லாதவரை அங்கே நிறுத்தினால் முதுகெலும்புக்கே ஆபத்து. அதனால்தான் ஆட்ட நாளின் 23 பேரில் முன்வரிசைக்குப் பயிற்சி பெற்றவர்கள் ஆறு பேராவது இருக்க வேண்டும் என்பது விதி. ஆள் தீர்ந்தால் தள்ளல் இல்லாத ஸ்க்ரம்தான். அணியின் பலமே ஸ்க்ரம் என்றால் அந்தப் பலம் அங்கேயே போச்சு. இடதுபுற ப்ராப் வேலையும் வலதுபுற ப்ராப் வேலையும் வேறு வேறு. "ப்ராப் ஆறு பேர் இருக்கிறார்கள்" என்று மொத்தமாக எண்ணி, வலதுபுறத்துக்கு இருவர் மட்டுமே என்பதைக் கவனிக்காமல் விடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

அடுத்தது, "இவர் எங்கே போட்டாலும் ஆடுவார்" என்ற மயக்கம். இரண்டு இடங்களில் ஆடத் தெரிந்தவர் அணிக்கு வரம், சந்தேகமில்லை. ஆனால் அவசரத்துக்கு உதவுவது வேறு, அரையிறுதியில் தொடங்குவது வேறு. நியூசிலாந்து இதில் இரண்டு முறை சூடுபட்டது. 1999-ல் உலகின் மிகச் சிறந்த ஃபுல்பேக்குகளில் ஒருவரான கிறிஸ்டியன் கலனை சென்டராக்கினார்கள். அரையிறுதியில் பிரான்ஸ் 43-31 என்று வென்றது. 2003-ல் டானா உமாகா முதல் ஆட்டத்திலேயே முழங்கால் அடிபட்டு விலக, மறுபடியும் ஒரு ஃபுல்பேக், லியோன் மெக்டொனால்ட், சென்டருக்கு வந்தார். அரையிறுதியில் ஆஸ்திரேலியா 22-10. தோல்விக்குக் காரணம் இது ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பதின்மூன்றாம் எண்ணின் (வெளிப்புற சென்டரின்) தற்காப்புதான் மைதானத்தில் மிகக் கடினமான முடிவுகளைக் கேட்பது. ஓடி வரும் ஆளைப் பார்ப்பதா, அவருக்கு வெளியே நிற்பவரைப் பார்ப்பதா என்பதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்மானிக்க வேண்டும். அதை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ள முடியாது.

இதன் இன்னொரு முகம் இங்கிலாந்து 2015. சாம் பர்ஜஸ் ரக்பி லீக்கில் (13 பேர் ஆடும், விதிகள் வேறான ரக்பி) பெரிய நட்சத்திரம். 15 பேர் ஆடும் யூனியனுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவருடைய கிளப்பான பாத் அவரைப் பெரும்பாலும் ஃப்ளாங்கராக ஆடவைத்தது. தேசிய அணியோ சென்டராக எடுத்தது. ஐரோப்பாவின் ஆறு நாடுகள் ஆடும் அந்த வருட சிக்ஸ் நேஷன்ஸ் தொடரில் சென்டராக ஆடிய லூதர் பரெல் வீட்டில் இருந்தார். வேல்ஸிடம் 28-25, ஆஸ்திரேலியாவிடம் 33-13 என்று தோற்று, போட்டியை நடத்திய நாடே குழுச் சுற்றோடு வெளியேறியது. தனியாகப் போட்டியை நடத்திய ஒரு நாட்டுக்கு அப்படி அதற்கு முன் நடந்ததே இல்லை. பழி முழுவதும் பர்ஜஸ் தலையில் விழுந்தது எனக்கு இன்றும் வருத்தம். அவர் தன்னால் முடிந்ததைச் செய்தார். கிளப் ஓரிடத்தில் வளர்க்கும் ஆளை நாடு வேறிடத்தில் சோதித்துப் பார்த்தது, அதுவும் உலகக் கோப்பையில். பிழை அந்த முடிவினுடையது.

கண்ணுக்குத் தெரியாத வேலை செய்பவரைக் கழித்துவிடுவது நுட்பமான தவறு. 2019-ல் அயர்லாந்து, அனுபவமுள்ள லாக் டெவின் டோனரை விட்டுவிட்டு, வசிப்புக் காலத்தின் அடிப்படையில் அப்போதுதான் தகுதி பெற்ற ஜீன் கிளெய்னை எடுத்தது. கிளெய்ன் உடல் பலத்தில் மிஞ்சியவர். டோனரோ லைன்அவுட்டை நடத்தத் தெரிந்தவர். யாருக்கு, எந்த இடத்தில் பந்து எறிய வேண்டும் என்று அறிவிப்பவர். 2018-ல் டப்ளினில் நியூசிலாந்தை 16-9 என்று வீழ்த்திய அணியில் அவரும் தொடங்கினார். பட்டியல் வருவதற்குச் சில நாள் முன்புதான் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்திடம் 57-15 என்று தோற்று, அயர்லாந்தின் லைன்அவுட் தடுமாறியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அப்படியும் முடிவு மாறவில்லை. காலிறுதியில் நியூசிலாந்து 46-14. எடை, வேகம் எல்லாம் தாளில் எழுதலாம். லைன்அவுட் அறிவிப்பு, ஸ்க்ரம்மில் பின்னாலிருந்து வரும் தள்ளல், தோற்கும் நேரத்தில் பேசும் குரல் ஆகியவற்றுக்குத் தாளில் எண் கிடையாது.

அனுபவத்தைப் பற்றிச் சொன்னால் ஆஸ்திரேலியா 2023 நினைவுக்கு வராமல் இருக்காது. பயிற்சியாளர் எடி ஜோன்ஸ் இளைஞர்களை நம்பினார். 125 டெஸ்ட் ஆடிய மைக்கேல் ஹூப்பர் இல்லை, அனுபவமுள்ள ஃப்ளை-ஹாஃப் குவேட் கூப்பர் இல்லை. முழுநேர ஃப்ளை-ஹாஃப் என்று கார்ட்டர் கார்டன் ஒருவர்தான். கேப்டன் வில் ஸ்கெல்டனும் ப்ராப் டனியேலா டுப்போவும் ஃபிஜி ஆட்டத்துக்கு முன்பே காயப்பட்டார்கள். ஃபிஜியிடம் 22-15, வேல்ஸிடம் 40-6. உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியா குழுச் சுற்றிலேயே வெளியேறியது அதுதான் முதல் முறை. இளைஞர்களை எடுத்தது தவறில்லை. ஆட்டம் கைமீறும்போது திரும்பிப் பார்க்கப் போதுமான மூத்தவர்கள் பக்கத்தில் இல்லாமல் அவர்களை நிறுத்தியதுதான் தவறு. இதற்கு நேர் எதிர் இங்கிலாந்து 2003: 32 வயது மைக் கேட்டை எடுத்தபோது பலர் புருவம் உயர்த்தினார்கள். காலிறுதியில் வேல்ஸ் 10-3 என்று முன்னிலையில் இருந்தபோது, இடைவேளைக்குப் பின் அவர் வந்துதான் ஆட்டத்தைத் திருப்பினார்.

சரி, காயத்தோடு இருப்பவரை எடுப்பதா? ஒருவரை எடுக்கலாம், அதுவும் காலிறுதிக்குள் தேறுவார் என்று மருத்துவர் தேதி சொன்னால். மூவரை எடுத்தால் குழுச் சுற்றில் மீதிப் பேர் தேய்ந்துவிடுவார்கள். இன்னொரு பக்கம், முன்னணி ஆட்டக்காரர்களைப் பொத்திப் பொத்தி வைப்பதும் ஆகாது. 2007-ல் நியூசிலாந்து 22 பேரை, தென்னரைக்கோள அணிகள் ஆடும் சூப்பர் 14 தொடரின் முதல் ஏழு சுற்றுகளில் ஆடவிடாமல் உடல் தேற்ற அனுப்பியது. காலிறுதியில் பிரான்ஸ் 20-18 என்று அனுப்பிவைத்தது.

தகுதி விதியை எழுத்தர் வேலை என்று ஒதுக்கவே கூடாது. 2023 உலகக் கோப்பைக்குத் தேர்வாகிவிட்ட ஸ்பெயின், ஒரே ஒரு ஆட்டக்காரரின் வசிப்புக் காலக் கணக்கு சரியில்லாததால் 2022-ல் புள்ளிகளை இழந்தது. இடம் ருமேனியாவுக்குப் போனது. வசிப்புத் தகுதி இப்போது மூன்று வருடம் இல்லை, ஐந்து வருடம். பாஸ்போர்ட்டின் முத்திரைகளைக் கையில் வைத்து நாள் கணக்குப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, பட்டியலுக்கு வெளியே நிற்பவர்கள். 34-வது, 35-வது, 36-வது ஆள் யார் என்பதையும் அன்றே எழுதிவைத்து, அவர்களிடம் சொல்லி, அவர்களைப் பயிற்சியில் வைத்திருக்க வேண்டும். 2011-ல் நியூசிலாந்தின் டான் கார்ட்டர் குழுச் சுற்றில் காயப்பட்டார். காலிறுதியில் அடுத்த ஃப்ளை-ஹாஃப் கோலின் ஸ்லேடும் காயத்தால் வெளியேறினார். அப்போதுதான் நான்காவது ஃப்ளை-ஹாஃபாக ஸ்டீபன் டொனால்டுக்கு அழைப்பு வந்தது. அணியில் இடமில்லாத அவர் வைக்காடோ ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். இறுதிப்போட்டியில், கார்ட்டருக்குப் பதில் அழைக்கப்பட்ட ஆரன் குரூடனும் முதல் பாதியிலேயே முழங்கால் மடங்கி வெளியேற, உடலை இறுக்கிப் பிடித்த ஜெர்ஸியோடு டொனால்ட் ஈடன் பார்க்கில் இறங்கினார். இரண்டாம் பாதியில் அவர் உதைத்த பெனால்டி கம்பங்களுக்கு நடுவே போனது. நியூசிலாந்து 8, பிரான்ஸ் 7.