உங்கள் தசை எதை எரிக்கிறது? நடந்தே கண்டுபிடிக்கலாம்

வெள்ளவத்தை மரைன் டிரைவில் விடிகாலையில் நடக்க வருபவர்களில் பலர், ஒரு மாதம் நடந்தும் நிறை குறையவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. ஏனென்றால் அந்த ஒரு மாதத்திற்குள் அவர்களுடைய தொடைத் தசையில் நல்ல மாற்றம் தொடங்கியிருக்கும். தராசுக்கு அது தெரியாது. சாப்பிட்டதைச் சக்தியாக மாற்றித் தருபவை தசைக்குள் இருக்கும் நொதியங்கள். உடம்பை எப்படிப் பழக்குகிறோமோ அதற்கேற்ப அவையும் மாறும். இதை ஆய்வுகூடம் இல்லாமலே உணர்ந்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன்.

இதய வருத்தம், முழங்கால் நோ உள்ளவர்கள் முதல் படியை விட்டுவிடுங்கள். வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு இரண்டாவதிலிருந்து தொடங்கலாம்.

படி 1: லிஃப்டை விட்டுப் படியேறுங்கள்

உங்கள் தொடர்மாடியில் கீழ்த்தளத்திலிருந்து வேகமாக ஏறுங்கள். முதல் மாடி சுலபமாக இருக்கும். தசையில் தயாராக இருக்கும் ஏரிபி (ATP, தசை நேரடியாகச் செலவழிக்கும் சக்தி மூலக்கூறு) இரண்டு மூன்று விநாடிக்குத்தான் காணும். அது தீரத் தீர, கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதியம், தசையில் இருக்கும் இன்னொரு சக்திச் சேமிப்பான கிரியேட்டின் பொஸ்பேற்றைக் கொண்டு நிரப்பிக்கொடுக்கும். முழு வேகத்தில் அதுவும் பத்து விநாடி அளவுதான்.

மூன்றாம் மாடிக்குப் போகும்போது தொடை எரியத் தொடங்கும். இப்போது தசை தன் குளுக்கோஸ் சேமிப்பான கிளைக்கோஜனை உடைத்துக்கொண்டிருக்கிறது. தசை சுருங்கும்போது உள்ளே கல்சியம் வெளிவரும். அதுதான் கிளைக்கோஜனை உடைக்கும் பொஸ்போரிலேஸ் நொதியத்தை விநாடிக் கணக்கில் எழுப்பிவிடுகிறது. தசைக் கலத்துக்குள் ஒட்சிசனைக் கொண்டு சக்தி தயாரிக்கும் நுண்ணிய பகுதிகள் இழைமணிகள். குளுக்கோஸ் உடையும் வேகத்துக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடியாதபோது, லக்டேட் என்ற பொருள் சேரும். லக்டேட்டைக் கழிவு என்று நினைக்க வேண்டாம். இதயம் அதையே எரிபொருளாக எடுக்கும், ஈரல் அதைத் திரும்பக் குளுக்கோஸாக்கும். இரண்டு நாள் கழித்து வரும் தசை நோவுக்கும் லக்டேட் காரணம் இல்லை. அது ஒரு மணித்தியாலம் போலவே இரத்தத்திலிருந்து போய்விடும்.

படி 2: கதைத்துக்கொண்டே நடவுங்கள்

மரைன் டிரைவோ, சுதந்திர சதுக்கமோ, சமதரையாக இருந்தால் போதும். வீட்டு விலாசத்தை இலக்கத்திலிருந்து ஊர் வரை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் வேகம் சரி. "களைக்குது, கதைக்க ஏலாது" என்று பக்கத்தில் வருபவர் சொன்னால், "கொஞ்சம் மெதுவாப் போங்கோ அன்ரி" என்பதுதான் சரியான ஆலோசனை. மிதமான இந்த வேகத்தில்தான் நிமிடத்துக்கு எரியும் கொழுப்பின் அளவு உச்சத்தில் இருக்கும். வேகம் கூடக்கூடத் தசை மாச்சத்தின் பக்கம் சாய்ந்துவிடும்.

ஆனால் நடக்கத் தொடங்கியவுடன் கொழுப்பு முழு அளவில் எரியாது. உடலின் கொழுப்புச் சேமிப்பு உடைந்து, இரத்தத்தில் வந்து, தசைக்குள் புகுந்து, இழைமணியின் வாசலில் ஒரு நொதியத்தின் உதவியோடு உள்ளே போக வேண்டும். அதனால் அரை மணித்தியாலமாவது விடாமல் நடப்பது நல்லது. அப்புறம் ஒன்று: நடக்கும்போது கொழுப்பு எரிவதும் நிறை குறைவதும் ஒன்றல்ல. நிறையைத் தீர்மானிப்பது நாள் முழுக்கச் சாப்பிட்ட கணக்கு.

வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். கொழும்புப் புழுக்கத்தில் அதே வேகத்துக்கே கூடுதல் கிளைக்கோஜன் செலவாகும்.

படி 3: கிழமைக்கு நான்கு நாள், விடாமல்

1967இல் ஜோன் ஹொலொசி என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளை வாரக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தார். அவற்றின் தசைகளில் ஒட்சிசனோடு வேலைசெய்யும் இழைமணி நொதியங்களின் செயற்பாடு ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. பின்னர் மனிதரின் தொடையில் ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பார்த்தபோதும் பயிற்சியால் இந்த நொதியங்கள் கூடுவது தெரிந்தது. பலன் என்னவென்றால், முன்பு களைத்த அதே வேகத்தில் இப்போது கொழுப்பு கூடுதலாக எரியும், கிளைக்கோஜன் மிஞ்சும், லக்டேட் குறைவாகச் சேரும். ஆறு கிழமை போன பிறகு அதே தூரத்தை அதே வேகத்தில் நடந்து விலாசத்தைச் சொல்லிப் பாருங்கள். மூச்சு எவ்வளவு மிச்சம் என்பதுதான் உங்கள் அளவுகோல்.

அதன்பின் கிழமையில் ஒருநாள் மட்டும், ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்தது வரை வேகமாகவும் அதற்கடுத்தது வரை மெதுவாகவும் மாறி மாறிப் போகலாம்.

படி 4: இராச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம்

சீனி வருத்தம் இல்லாத வீடு நம்மிடையே குறைவு. அதனால் இதை எல்லோரும் அறிய வேண்டும். ஓய்வில் இருக்கும் தசைக்குள் குளுக்கோஸ் தாராளமாகப் போவதற்கு இன்சுலின் வேண்டும். வேலை செய்யும் தசையோ, இன்சுலின் சொல்லாமலே, தன் குளுக்கோஸ் வாயில்களை மேற்பரப்புக்குக் கொண்டுவந்துவிடும். இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களிலும் இந்த வழி திறந்தே இருக்கிறது. நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், சிலவேளை இரண்டு நாள் வரை தசை இன்சுலினுக்குக் கூடுதலாக இசையும். இன்சுலின் ஊசியோ சீனிக் குளிசையோ எடுப்பவர்கள், சீனி அளவுக்கு மீறி இறங்கினால் சாப்பிடப் பையில் இரண்டு டொபி வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் அளவைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

படி 5: சோற்றுக்குப் பயப்பட வேண்டாம்

1966இல் சுவீடனின் பெர்க்ஸ்ட்ரோமும் ஹுல்ட்மனும் ஒரே சைக்கிளின் இரு பக்கமும் இருந்து ஆளுக்கு ஒரு காலால் களைக்கும் வரை மிதித்தார்கள். பிறகு மூன்று நாள் மாச்சத்து உணவு. உழைத்த காலில் கிளைக்கோஜன் ஓய்ந்திருந்த காலைவிட ஏறக்குறைய இரு மடங்காகச் சேர்ந்தது. சாப்பாடு ஒன்றுதான், எங்கே போய்ச் சேர்வது என்பதை உழைத்த தசை தீர்மானித்தது. அரை மணித்தியால நடைக்குக் குளுக்கோஸ் பானம் தேவையில்லை, தண்ணீர் போதும். நீண்ட ஓட்டம் ஓடிய நாளில் இடியப்பமும் சொதியும் நன்றாகச் சாப்பிடுங்கள்.

படி 6: மழைக்காலத்திலும் விடாதீர்கள்

1977இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சியை நிறுத்தியவர்களின் தசையில் ஒரு நொதியம் இரண்டு கிழமையிலும் இன்னொன்று ஆறு கிழமையிலும் பழைய அளவுக்கே இறங்கிவிட்டன. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால், தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்திலோ நீண்ட விறாந்தையிலோ அரை மணித்தியாலம் சுற்றி வாருங்கள். நான்கு நாள் முடியாவிட்டால் இரண்டு நாளாவது நடவுங்கள்.