குளக்கட்டோடு திரும்பிவிடாதீர்கள்: வன்னியில் குள நடைக்கு வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியின் குளங்களை வழிகாட்டியுடன் நடந்து பார்க்க விரும்புவோரில் பலர், குளம் நிரம்பி வான் பாயும் நாளையே அதற்கு உகந்த நாளாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மார்கழியில் நீர் குளக்கட்டை முட்டி நிற்பது கண்ணுக்கு நிறைவான காட்சிதான்; ஆனால் கரையோரம் நடந்து இரைதேடும் பறவைகளுக்கு அப்போது காலூன்ற இடமிருப்பதில்லை. மழை ஓய்ந்து, நீர் மெல்ல வற்றிச் சேறு வெளிப்படும் மாசி, பங்குனி மாதங்களே நடைக்கு ஏற்றவை. வலசை வந்த பறவைகள் சித்திரையோடு பெரும்பாலும் திரும்பிவிடுவதால், அதற்குப் பின் வருவதிலும் பயனில்லை.

அதைவிடப் பெரிய தவறு, குளக்கட்டின்மேல் நடந்துவிட்டுக் குளத்தைப் பார்த்துவிட்டதாக எண்ணுவது. கட்டின் பக்கம் நீர் ஆழமானது; அங்கே நீர்க்காகங்களைக் காணலாம், வேறு அதிகம் இல்லை. எதிர்ப்புறம், நிலம் சரிந்து நீருக்குள் மறையும் அலைகரையில்தான் குளத்தின் உயிர்ப்பு இருக்கிறது. அங்கே சேற்றில் குனிந்து பார்த்தால், உடையாமல் வெறுமையாகக் கிடக்கும் நத்தை ஓடுகள் தென்படும். அவை நத்தைகுத்தி நாரை உண்டு விட்டுச்சென்றவை. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும் அந்தப் பறவை, அலகு நுனியை ஓட்டின் வாய்க்குள் செலுத்தித் தசையை அறுத்து, ஓட்டை நொறுக்காமலே உடலை உருவி எடுக்கிறது. அது நின்று இரைதேடும் அந்த ஆழமற்ற நீர், கமத்துக்காக மனிதர் ஆற்றை மறித்துக் கட்டு எழுப்பியதால் உண்டானது. ஆகவே குளத்தின் வரலாற்றை ஒருபுறமும் பறவைகளை மறுபுறமும் வைத்து விளக்கும் நடை, என் கணிப்பில், பாதி நடைதான்.

வரலாற்றிலும் ஒரு பிழை வழக்கமாகிவிட்டது: எல்லாக் குளங்களையும் பண்டைய மன்னர்களின் பெயரில் எழுதிவிடுவது. மன்னார்க் கட்டுக்கரைக்குளம் 5ஆம் நூற்றாண்டுத் தாதுசேனனோடு சேர்த்துப் பேசப்படுகிறது. ஆனால் இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கி 1920இல் முடிந்தது. வவுனிக்குளம் மிகப் பழையதாயினும், நெடுங்காலம் உடைந்து கிடந்து 1950களில்தான் மீண்டும் நீர் கொண்டது. குளத்து மீன் என்றால் நினைவுக்கு வரும் யப்பான் மீன் (திலாப்பியா)கூட 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டதே. குளம், மடு, மோட்டை, கேணி என நீர்நிலைப் பெயர்களில் முடியும் ஊர்ப்பெயர்களை வழியில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இந்த மண்ணின் நீர்க் கணக்கு அவற்றில் இருக்கிறது.

பூநாரைகளை எதிர்பார்த்து நன்னீர்க் குளத்துக்கு வருவதும் வீண். அவை உவர்நீரை நாடுபவை. 2008இல் சரணாலயமாகவும் 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட, மன்னார்க் கரையோர வங்காலைக்குச் செல்ல வேண்டும்.

பின்வருவதை எவரும் இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மண்டையோடு பொறித்த சிவப்புப் பலகையோ எச்சரிக்கை நாடாவோ இருக்கும் இடத்துக்கு அப்பால், அங்கே எத்தனை அரிய பறவை நின்றாலும், ஓர் அடியும் வைக்கக்கூடாது. போரில் புதைக்கப்பட்ட மிதிவெடிகளை வெள்ளம் இடம்பெயர்த்துவிடக் கூடும் என்பதால், பலகை இல்லாத இடத்திலும் மாடுகளும் மனிதரும் அன்றாடம் நடக்கும் தடத்தை விட்டு விலகலாகாது. இனந்தெரியாத உலோகப் பொருளைத் தொடவும் கூடாது. அந்தத் தடங்களை மாடு மேய்ப்பவரும் குளத்தில் வலை போடுபவரும் அறிவார்கள். அவர்களிடம் கேளாமல் தொலைபேசி வரைபடத்தை மட்டும் நம்பி இறங்குவது ஆபத்தானது.

பறவைகளின் கூடுகளை நெருங்கிப் படமெடுக்க வேண்டாம். பெற்ற பறவை எழுந்து பறந்துவிட்டால், குஞ்சுகள் வெயிலிலும் காகங்களின் முன்னும் தனித்துவிடும். நீர் விளிம்பில் முதலை இருக்கலாம் என்பதால் முகங்கழுவவும் குனியாதீர்கள். பொழுது சாய்வதற்கு முன்பே அலைகரையை விட்டுக் கட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். காட்டிலிருந்து யானைகள் நீர் குடிக்க இறங்குவது அந்த வழியாகத்தான்.