அமிகுருமி: முதல் பொம்மை கோணிப்போவது எங்கே?

நான் முதன்முதலில் பின்னிய கரடியின் தலை ஒரு பக்கம் மட்டும் புடைத்து மாங்காய் மாதிரி இருந்தது. 36 ஸ்டிச் இருக்கவேண்டிய சுற்றில் 39 இருந்தது. பின்னும்போதே எனக்கு அது தெரியும். பஞ்சு அடைத்தால் சரியாகிவிடும் என்று மேலே போய்விட்டேன். பஞ்சு எதையும் சரிசெய்யாது, இருக்கிற கோணலை எடுத்துக் காட்டத்தான் செய்யும்.

முனையில் கொக்கி உள்ள குரோஷே ஊசியால் சின்னச் சின்னப் பொம்மைகள் பின்னுவதைத்தான் ஜப்பானியர்கள் அமிகுருமி என்கிறார்கள். பின்னலைக் குறிக்கும் 'அமி'யும், பஞ்சடைத்த பொம்மையைக் குறிக்கும் 'நுயிகுருமி'யும் சேர்ந்த சொல் அது. பெரும்பாலும் சிங்கிள் குரோஷே என்ற அடிப்படை ஸ்டிச் ஒன்று தெரிந்தால் போதும். நூலை வளையமாக்கித் தொடங்கும் மேஜிக் ரிங்கில் 6 ஸ்டிச். அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு போட்டால் 12. அப்புறம் 18, 24, 30, 36. ஆறாம் வாய்ப்பாடு தெரிந்தவர்கள் பாதிப் பொம்மையைப் பின்னிவிட்ட மாதிரிதான். பிறகு கூட்டாமல் சில சுற்று, அதன்பின் ஆறு ஆறாகக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு பந்து. தலையும் உடம்பும் இந்தப் பந்தின் வேறு வேறு வடிவங்கள்தான்.

இவ்வளவு எளிய கணக்கு தப்புவதற்குக் காரணம், இது சுருளாகப் போகும் பின்னல் என்பதே. ஒரு சுற்று எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு சுற்றின் முதல் ஸ்டிச்சிலும் அடையாளம் மாட்ட வேண்டும். அதற்கென்றே மார்க்கர் விற்கிறார்கள். வீட்டில் இருக்கும் ஊக்கு போதும். 'நினைவிருக்கும்' என்று யாரும் நம்பவேண்டாம். அடுப்பில் குக்கர் ஒரு விசில் அடித்தால் எண்ணிக்கை போச்சு.

தப்பியது தெரிந்தால்? பிரியுங்கள். புதிதாகப் பழகுபவர்கள் பிரிக்கத் தயங்குவதுதான் என் கணக்கில் மிகப்பெரிய தவறு. இரட்டை ஊசிப் பின்னலில் எல்லாக் கண்ணிகளும் ஊசியில் திறந்து கிடக்கும், பிரிப்பது சள்ளை. குரோஷேயில் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். நூலை இழுத்தால் வந்துவிடும், நிறுத்திய இடத்தில் ஊசியை மாட்டித் தொடரலாம். பெரிய வயிற்றுப்பகுதியில் ஒரு ஸ்டிச் கூடக்குறைய இருந்தால் விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. 12 ஸ்டிச் கொண்ட மூக்கில் ஒன்று தப்பினால் மூக்கே கோணிவிடும்.

பிரிக்க வேண்டியிருக்கும் என்பதாலேயே முதல் பொம்மைக்கு வெல்வெட் மாதிரியான புசுபுசு நூலை வாங்காதீர்கள். வீடியோவில் ஆசையாக இருக்கும். கையில் எடுத்தால் ஸ்டிச் எங்கே என்று விரலால் தடவித்தான் தேட வேண்டும். இரண்டு தடவை பிரித்தால் ரோமமும் உதிரும். கறுப்பு நூலும் அப்படித்தான், ராத்திரி வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. வெளிர் நிறத்தில், நடுத்தரப் பருமனில், வழவழப்பான அக்ரிலிக் அல்லது பருத்தி நூல் போதும்.

நூலின் லேபிளில் எழுதியிருக்கும் ஊசி அளவை அப்படியே எடுப்பது இன்னொரு தவறு. அது ஸ்வெட்டருக்கும் சால்வைக்கும் சொன்ன அளவு. பொம்மைக்கு நெருக்கமான பின்னல் வேண்டும், இல்லையென்றால் ஓட்டை வழியாகப் பஞ்சு எட்டிப்பார்க்கும். லேபிளில் 4 மி.மீ. என்றிருந்தால் 3 அல்லது 2.5 எடுங்கள். குறைக்கும் இடங்களில் ஓட்டை விழுந்தால், இரண்டு ஸ்டிச்சுகளின் முன்கண்ணிகளை (மேலே தெரியும் இரண்டு இழைகளில் நம் பக்கம் இருப்பதை) மட்டும் சேர்த்தெடுத்துக் குறைத்துப் பாருங்கள். குறைத்த தடமே தெரியாது.

பலர் பொம்மையை உள்வெளியாகவே பின்னி முடித்துவிடுகிறார்கள். வெளிப்பக்கத்தில் வரிசையாக 'வி' வடிவம் தெரிய வேண்டும்; படுக்கைக்கோடுகள் தெரிந்தால் அது உள்பக்கம். நாலைந்து சுற்றானதும் கிண்ணம் மாதிரி வந்திருப்பதைத் திருப்பிவிட்டு, ஊசி வெளியிலிருந்து உள்ளே போகும்படி பின்னுங்கள்.

பேட்டர்ன், அதாவது பின்னும் குறிப்பு, எந்த நாட்டு வழக்கில் எழுதியது என்றும் பாருங்கள். அமெரிக்கர்கள் சிங்கிள் என்பதைத்தான் பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்கிறார்கள். பிரிட்டிஷ் பேட்டர்னை எடுத்து அமெரிக்க டபுள் போட்டால் கரடி ஒட்டகச்சிவிங்கி உயரத்துக்கு வளரும், உடம்பெல்லாம் சல்லடையாகவும் இருக்கும்.

அடைப்பதற்கு இலவம் பஞ்சு வேண்டாம். இழை வெளியே வரும், துவைத்தால் கட்டியாகும். தலையணைக்கு விற்கும் ரெக்ரான் என்ற பாலியஸ்டர் பஞ்சே நல்லது. ஒரே உருண்டையாகத் திணிக்காமல் பிய்த்துப் பிய்த்து, பென்சிலின் பின்முனையால் ஓரங்களுக்குத் தள்ளுங்கள். கழுத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அங்கே இறுக்கம் இல்லையென்றால் இரண்டே நாளில் தலை தொங்கிவிடும்.

'சேஃப்டி ஐ' என்று விற்கும் பிளாஸ்டிக் கண்ணைத் தலையை மூடுவதற்கு முன்பே மாட்ட வேண்டும். பின்னால் அதைப் பிடித்து நிறுத்தும் வில்லையை அழுத்திவிட்டால் கழற்றுவது கடினம், அதனால் இடம் பார்த்து அழுத்துங்கள். பொம்மை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு என்றால் பிளாஸ்டிக் கண், பொத்தான், மணி எதுவுமே வேண்டாம். பெயரில் 'சேஃப்டி' என்று இருந்தாலும் நூல் தளர்ந்தால் கண் பிடுங்கிக்கொண்டு வரும், குழந்தை வாயில் போட்டுவிடும். கறுப்பு நூலால் தைத்த கண்ணுக்கு அந்தப் பயம் இல்லை. எனக்கென்னவோ முகமும் அதில்தான் சாந்தமாக இருக்கிறது.

கடைசியில் கைகால்களைத் தைப்பது. பின்னி முடித்து நூலை வெட்டும்போதே ஒரு முழம் விட்டு வெட்டுங்கள், தைக்க அதுவே ஆகும். எல்லா உறுப்புகளையும் முதலில் குண்டூசியால் குத்தி நிறுத்தி, மேஜையில் உட்காரவைத்து, தள்ளிநின்று பாருங்கள். தைத்து முடித்ததும் குண்டூசிகளை எண்ணி எடுத்துவிடுங்கள். காதுகளுக்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். இரண்டு சுற்று கீழே இறங்கினால் போதும், கரடி குரங்காகிவிடும்.